விட்டுப்போன மூன்று புள்ளி

மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. தோளில் கருவிப் பையும், நனையாமல் சட்டைக்குள் அணைத்துப் பிடித்த மடிக்கணினியுமாக அவர் அக்கா வீட்டுப் படியேறியபோது, பட்டப்பகலிலேயே தெருவிளக்கை எரிய விட்டிருந்தார்கள்.

அவருக்குப் பத்தவைப்பு என்று பெயர். ரேடியோவோ ஒலிபெருக்கியோ, எது வந்தாலும் ஈயத்தை உருக்கி ஒயரைப் பற்றவைக்கிற தொழில். ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் சொல்லிப் பற்றவைக்கிற கெட்ட பழக்கமும் கொஞ்சம் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை. கடை உண்டு, அக்கா உண்டு, அக்கா வீட்டுக்காரர் உண்டு. அவ்வளவுதான் அவர் குடும்பம்.

கதவைத் திறந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கும் ஒண்ணும் இறங்கலையா?"

"பால்கூட வேண்டாங்கிறார்டா. வாயைக் கெட்டியா மூடிக்கிறார். எனக்கு பயமா இருக்கு."

"மாமாவா வாயை மூடிக்கிறார்? வெளியே சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க," என்றார் பத்தவைப்பு. அக்கா சிரிக்கவில்லை.

அந்தக் கேலியில் பொய் இல்லை. மாமாவைப் போல் ஓயாமல் பேசுகிற மனிதரைப் பார்ப்பது கஷ்டம். நேரில் கேட்க ஆள் கிடைக்காமல்தான் அவர், வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோவுக்கே போனார் என்று அக்கா சொல்வாள். மாடி அறையில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தாரானால் மழையா வெயிலா தெரியாது. பேக்கரிக்காரர், பஸ் டிரைவர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று ஒரு கூட்டமே சாயங்காலமானால் அவருக்காக அதே அலைவரிசையில் காத்திருக்கும். யாருமே இல்லாத நேரத்திலும் சும்மா இருக்கமாட்டார். வெற்று அலைவரிசையில் போய், "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பக்கவாதம் வந்தது. சமையலறையில் இருந்த அக்காவின் காதில் கடைசியாக விழுந்தது இதுதான்: "கேக்குது, சொல்லுங்க. ஓவர்." அப்புறம் சத்தமே இல்லை. மேலே போய்ப் பார்த்தால் மாமா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக அசையும். டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "உடம்பைவிட மனசு விட்டுப்போச்சும்மா. யார்கூடவாவது பேச ஒரு வழி பண்ணுங்க, இல்லாட்டி ரொம்ப நாள் தாங்கமாட்டார்," என்று உடைத்துச் சொல்லிவிட்டார். அந்த வழியைத்தான் பத்தவைப்பு செய்துகொண்டிருந்தார்.

வழி சுலபமானதுதான். கணினித் திரையில் எழுத்துக் கட்டங்கள். ஒரு வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து போகும். வேண்டிய எழுத்தில் வரும்போது மாமா விரலால் பொத்தானைத் தட்டினால் அந்த எழுத்து விழும். கொஞ்ச நேரம் தட்டாமல் விட்டால், விழுந்த எழுத்துகளைக் கணினி தன் தகரக் குரலில் ரேடியோ வழியாகப் பேசிவிட்டுத் திரையைத் துடைத்துவிடும். நண்பர்கள் கேட்பார்கள், பதில் சொல்வார்கள்.

போன வாரம் கட்டங்களைப் பார்த்தபோதே அக்கா கேட்டாள். "ஏன்டா, மூணு புள்ளி எழுத்து விட்டுப்போச்சே?"

"ஃ-ஆ? அதை வச்சா தனியா ஒரு வரிசையில ஒண்டியா நிக்குதுக்கா. எடுத்துட்டா பாரு, ஆறு ஆறா அஞ்சு வரிசை, என்ன அழகா உட்காருது. மாமா என்ன அஃது இஃதுன்னா பேசப் போறார்?"

அன்று அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாடி அறையில் மருந்து வாடையும், சூடேறிய தூசி வாடையும் கலந்து அடித்தது. ஜன்னலில் மழை. கட்டிலில் மாமா கிடந்தார். பத்தவைப்பு உள்ளே வந்ததும் மாமாவின் கண் திரும்பியது. அவரைப் பார்த்தது, அப்புறம் மேஜைமேல் இருந்த ரேடியோவைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது.

"ஆசையைப் பாரேன் மாமாவுக்கு! இதோ, இன்னிக்கு முடிச்சிடறேன்," என்றார்.

முடியாமல் இழுத்தடித்தது ஒரே ஒரு கோளாறு. ரேடியோவில் கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. பச்சை விளக்கு எரிந்தால் கேட்கிறது, சிவப்பு எரிந்தால் அனுப்புகிறது. அனுப்பும்போது அதற்குக் காது செவிடு. அதனால்தான் இந்த ஆட்கள் பேசி முடித்ததும் 'ஓவர்' என்பார்கள். என் முறை முடிந்தது, இனி உன் முறை என்று அர்த்தம். ஒருவரிடம் முறையைக் கொடுத்துவிட்டால், அவராகத் திருப்பித் தருகிறவரை வாயைத் திறக்கக்கூடாது.

கணினி சொன்னால்தான் சிவப்பு எரிய வேண்டும். ஆனால் இந்த ரேடியோ தன் இஷ்டத்துக்குச் சிவப்பாகிக்கொண்டிருந்தது. 'உங்க வீட்டு ரேடியோ வழியை அடைச்சிக்கிட்டு நிக்குது, யாரும் பேச முடியல, சும்மா மூச்சு சத்தம்தான் வருது' என்று பேக்கரிக்காரர் அக்காவுக்குப் போன் மேல் போன் போட்டிருந்தார்.

பத்தவைப்பு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சந்தேகம், கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகிற ஒயர்மேல். கணினி ஓட ஆரம்பிக்கும்போது காரணமில்லாமல் அந்த ஒயரில் மின்சாரம் ஏறிவிடும், ரேடியோ அதை உத்தரவு என்று நினைத்துக்கொள்ளும். தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மண்டை காய்ந்திருப்பார்கள். அமைப்பை மாற்றினார். பச்சை விளக்கு சமர்த்தாக நின்றது.

"மாமா, தட்டுங்க பார்ப்போம்."

வெளிச்சம் நகர்ந்தது. விரல் தட்டியது. ஆ.

அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வெளிச்சம் வரிசையைத் தாண்டிப் போயிற்று, திரும்ப வந்தது. மாமாவின் கண் எதையோ தேடியது. கட்டங்களின் கடைசிவரை போய்த் தேடிவிட்டு வந்தது. பிறகு விரல் தட்டியது. ப்.

கணினி தகரக் குரலில் சொன்னது: "ஆப்."

"ஆப்பிள்!" அக்கா கத்தியே விட்டாள். "ஆப்பிள் கேக்குறார்டா! சாப்பிடக் கேக்குறார்!" அந்த வயதில் அப்படிப் படியிறங்கி ஓடுவாள் என்று அவர் நினைத்ததில்லை. பொடியாக நறுக்கிய ஆப்பிளோடு மூச்சிரைக்க வந்தாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது.

"சந்தோஷத்துல அழறார்," என்றாள் அக்கா.

அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. பத்தவைப்பு வாய்க்குள் திட்டிக்கொண்டார். ரேடியோ அனுப்புகிற அலையே ஒயர் வழியாகத் திரும்பி உள்ளே வந்து குழப்புவதுண்டு. அதற்கு ஒயரில் கறுப்பு வளையம் மாட்டினால் அடங்கும். மாட்டினார். கொஞ்ச நேரத்தில் பச்சைக்குத் திரும்பியது.

"இன்னொரு தடவை மாமா. இப்ப நல்லா வரும்."

அ. ண். ஐ. மூன்றாவது தட்டுக்கே விரல் நடுங்கிச் சோர்ந்துவிட்டது. அதற்குமேல் அவரால் முடியாது என்பது பார்க்கும்போதே தெரிந்தது.

"அணை," என்றது கணினி.

அக்காவின் முகம் சிவந்தது. தம்பி நிற்கிறான் என்றுகூடப் பார்க்காமல், கட்டிலில் உட்கார்ந்து மாமாவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டதில்லையே நீங்க," என்று தேம்பினாள். பத்தவைப்பு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் செய்த காரியங்களிலேயே இதுதான் உருப்படியான காரியம் என்று நினைத்தார்.

அக்காவின் தோளுக்கு மேலாக மாமாவின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அக்கா பால் காய்ச்சக் கீழே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தத்தோடு ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது. பத்தவைப்பின் போன் அடித்தது. பேக்கரிக்காரர்.

"என்ன தம்பி, அண்ணன் குணமாயிட்டாராமே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"இப்பதான் அண்ணே, மெஷின் மூலமா ஒண்ணு ரெண்டு வார்த்தை…"

"மெஷினா? என்கிட்ட விளையாடறியா? அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா? கணீர்னு பேசுறார்யா. அந்தச் சிரிப்பு, அந்த செருமல், எல்லாம் அப்படியே இருக்கு. இதோ, இப்பவும் பேசிட்டிருக்கார். நான் ரேடியோ பக்கத்துலதான் இருக்கேன்."

பத்தவைப்பு திரும்பிப் பார்த்தார்.

சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு, கணினியிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கினார். சிவப்பு. இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. சத்தம் கேட்டால் தானாக அனுப்புகிற ஏற்பாடு ரேடியோவிலேயே உண்டு. அது திறந்துதான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. மழைச் சத்தத்தைக் கேட்டு ஏமாறுகிறது போலிருக்கிறது.

ஆனால் ரேடியோவில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் மழையைப் போல் ஆடவில்லை. எழுந்தது, தாழ்ந்தது, நின்றது, மறுபடி எழுந்தது. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினால் எப்படி ஆடுமோ, அப்படி ஆடியது.

அவர் அந்த ஏற்பாட்டை மூடினார். சிவப்பு.

மைக்கைக் கழற்றினார்.

சிவப்பு.

மேஜைக்கடியில் குனிந்து மின்சார ஒயரையே சுவரிலிருந்து பிடுங்கினார். எண் காட்டும் பலகை அணைந்தது. விசிறிச் சத்தம் நின்றது. மழை இருட்டில் அந்தச் சிவப்பு மட்டும் அப்படியே எரிந்தது.

இத்தனை வருஷம் கையாண்ட பொருள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்குத் தெரிந்த வழி இனி ஒன்றுகூட பாக்கி இல்லை.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தார். மாமாவின் நெஞ்சு அசையவில்லை. பதறிக் கிட்டே போனார். சிவப்பு அணைந்தது. மாமா கிணற்றிலிருந்து மேலே வந்தவர் போல 'ஹக்' என்று மூச்சை இழுத்தார். மறுபடி சிவப்பு எரிந்தது. மூச்சு நின்றது.

பையில் எப்போதும் ஒரு வாக்கிடாக்கி வைத்திருப்பார். அதை எடுத்து, அதே அலைவரிசையில் வைத்தார்.

மாமாவின் குரல் வந்தது. நோய் நொடி எதுவும் இல்லாத பழைய குரல்.

"…பேச ஆளில்லாம எத்தனை காலம் சும்மா கிடந்தேன் தெரியுமா? இப்பதான் நல்லாயிருக்கு. யார் இருந்தாலும் வாங்க, பேசலாம்." ஒரு சிரிப்பு. பிறகு குரல் தணிந்தது, காதோரம் வந்தது. "மச்சான், நீதானே அது? நான் பேசறது கேக்குதா? ஓவர்."

சிவப்பு அணைந்தது.

இனி பத்தவைப்பின் முறை.

கட்டிலில் மாமாவின் விரல் பொத்தானே இல்லாத இடத்தில், போர்வைமேல், தட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் தட்டியது. ஆனால் கூப்பிட்டு 'ஓவர்' சொன்னால் பதில் சொல்வது பத்தவைப்புக்கு மூச்சு விடுவதுபோல் ஊறிப்போன பழக்கம். மூளை யோசிப்பதற்குள் கட்டைவிரல் அழுத்திவிட்டது.

"கேக்குது மாமா, சொல்லுங்க. ஓவர்."

சொல்லி முடித்த பிறகுதான், அந்த வார்த்தைகளை இதற்கு முன்னால் இந்த அறையில் யார் சொன்னார்கள் என்பது உறைத்தது.

மாமாவின் விரல் நின்றது. நெஞ்சு ஒரு தடவை ஏறி, இறங்கி, பிறகு ஏறவில்லை. கண் மட்டும் அவர்மேலேயே இருந்தது.

சிவப்பு எரிந்தது.

ஆப். ஆப்பிள் இல்லை. ஆஃப். அந்த மூன்று புள்ளியைத்தான் மனிதர் கட்டம் கட்டமாகத் தேடியிருக்கிறார். கிடைக்காமல் போகவே ரேடியோவை அணை என்றார். ஐயோ, அணை என்று அத்தனை கெஞ்சினாரே!

"அக்கா!" என்று கத்த வாயைத் திறந்தார் பத்தவைப்பு.

சத்தம் வரவில்லை.

வலது கால் மடங்கியது. தரையில் விழுந்தபோது கன்னத்துக்குப் பக்கத்தில் வாக்கிடாக்கியும் விழுந்தது. அதிலிருந்து, மழையையும் மீறி, தெளிவாக ஒரு குரல் பேச ஆரம்பித்தது.

அவருடைய குரல்.

* * *

மாமாவை எடுத்த பிறகு அந்தக் கட்டிலில் தம்பியைப் படுக்கவைத்தாள் அக்கா. கடையைப் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பினாள். அடுத்தடுத்து இரண்டு இடி விழுந்தால் யாராயிருந்தாலும் ஒடிந்துபோவார்கள். அவள் ஒடியவில்லை. அவருக்குக் கடைசி நாளில் பேச ஒரு வழி செய்து கொடுத்த தம்பி இவன், இவனை விடமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தாள். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒயர்களை இருந்தபடியே மாட்டச் சொன்னாள். கரண்ட் போனாலும் ரேடியோ நிற்கக்கூடாது என்று பேட்டரி வேறு வாங்கி வைத்தாள்.

பேக்கரிக்காரர் தினமும் போன் செய்வார். "அண்ணி, தம்பி என்னமா பேசுறார்! அண்ணனை மிஞ்சிடுவார் போலிருக்கே."

"கேட்டியாடா?" என்று அவள் பூரித்துப்போய் மேலே வந்து சொல்வாள். "நீ பண்ண மெஷின் உன் குரல்லயே பேசுதாம். எல்லாரும் உன்னைத்தான் தேடுறாங்களாம்!"

அவர் படுத்தபடி அவளைப் பார்ப்பார். பார்க்க மட்டும்தான் முடியும்.

இடது கை ஆள்காட்டி விரலில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இரண்டு தட்டு, மிஞ்சினால் மூன்று. நிறுத்து என்று எழுத அது போதாது. பாதியில் சிவப்பு எரியும், மூச்சு போகும், விரல் மரத்துவிடும். எழுதிய அரைகுறையைக் கணினி உளறிவிட்டுத் திரையைத் துடைத்துவிடும். அப்படி அமைத்தது அவரேதான். மாமாவைப் போலவே அவரும் ஒரு நாள் 'அணை' என்று எழுதிப் பார்த்தார். அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் எழுதினார். அக்கா அவரை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இன்றைக்கும் மழை. வெளிச்சம் கட்டம் கட்டமாக நகர்ந்தது. அவர் தட்டினார். ஆ.

அப்புறம் தேடினார். இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஒரு மூலையிலாவது இருக்கக்கூடாதா என்று கண் தன்பாட்டுக்குத் தேடியது. ஆறு ஆறாக ஐந்து வரிசை. என்ன அழகாக உட்கார்ந்திருக்கிறது.

ப்.

"ஆப்," என்றது கணினி.

"ஆப்பிளா? மாமா மாதிரியே கேக்குறியேடா," என்றாள் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இதோ வரேன், இரு." அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டது.

சிவப்பு எரிந்தது. அவருக்கு மூச்சு நின்றது.

மேஜைமேல் இருந்த வாக்கிடாக்கி உரக்கப் பேசியது.

"ஒண்ணும் அவசரமில்லக்கா, மெதுவா இறங்கு. பொடியா நறுக்கிக் கொண்டா. ஓவர்."

"சரிடா தம்பி," என்று கீழேயிருந்து அக்கா பதில் சொன்னாள்.